பாஸ்வேர்டு சரி, பந்தியில் இடமில்லை

ஆம்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் ஒன்றில் கணக்கும் டெஸ்பாட்சும் அவர் பொறுப்பு. "விண்டோஸ் 10க்கு இனிமேல் அப்டேட் வராது, எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் 11 ஏறாது என்று சொன்னார்கள். முதலாளியின் அக்கா மகன் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தான். நன்றாகத்தான் ஓடியது. இப்போது பாஸ்வேர்டு அடித்து என்டர் தட்டினால் திரை ஒரு கணம் கறுத்துவிட்டு, மறுபடி பாஸ்வேர்டு கேட்கும் இடத்துக்கே வந்து நிற்கிறது சார். தப்பு என்றும் சொல்வதில்லை, உள்ளேயும் விடுவதில்லை. கடையில் ஃபார்மேட் அடிக்கணும் என்கிறார்கள். அடிக்கலாமா?"

வேண்டாம். உங்கள் பாஸ்வேர்டு சரி. கம்ப்யூட்டரும் அநேகமாக நல்ல நிலையில்தான் இருக்கிறது. இரண்டையும் அந்த மேசைப் பக்கம் வராமலே சொல்ல முடிவது எப்படி என்பதுதான் இந்த வாரக் கட்டுரை.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கான வழக்கமான பராமரிப்பை நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். 2017க்கு முன் வாங்கிய இயந்திரங்கள் அநேகமாக ஆட்டத்திலிருந்து வெளியே. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் தோல் பட்டையில், பெரிய ஏற்றுமதி நிறுவனங்களுக்கு இது ஒரு பர்சேஸ் ஆர்டர் சமாச்சாரம். அவர்களிடம் வேலை வாங்கித் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட்டில் இருப்பது ஒரே டெஸ்க்டாப். ஜிஎஸ்டி, சம்பளப் பட்டியல், டெலிவரி சலான் எல்லாம் அதில்தான். அது நின்றால் ஆட்கள் மிஷினில் உட்கார்ந்திருப்பார்கள். சரக்கு வாசலைத் தாண்டாது.

இந்த இடத்தில்தான் லினக்ஸ் பிரசாரகர்கள் நுழைகிறார்கள். "பழைய கம்ப்யூட்டருக்கு மறுபிறவி", "ஆயுசுக்கும் தொல்லை இல்லை" என்று வீடியோக்களில் தலைப்பு கட்டுகிறார்கள். மறுபிறவி உண்மைதான், ஆனால் ஹார்டு டிஸ்க் முன்ஜென்மத்து ஹார்டு டிஸ்க். பவர் சப்ளையும் அப்படியே. லினக்ஸும் தடுக்கி விழும். ஒரே வித்தியாசம், எங்கே விழுந்தது என்பதை மறைக்காமல் சொல்லும். அதைக் கேட்கும் பொறுமை நமக்கு வேண்டும்.

துவக்கக் கோளாறு என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, கடைசியாகத் திரையில் பேசியது யார் என்பதை. பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ, பிறகு க்ரப் என்ற துவக்கி, பிறகு இயங்குதளத்தின் மையமான கெர்னல், பிறகு மற்ற சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி, அதன்பின் லாகின் திரையைக் காட்டும் டிஸ்பிளே மேனேஜர், கடைசியில் உங்கள் டெஸ்க்டாப். பொத்தானை அமுக்கியதிலிருந்து ஒன்று மற்றொன்றை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் வரிசை இது. யாருடைய பேச்சு கடைசியாகக் கேட்டதோ அவருக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

திரையே வராமல் பீப் சத்தம் மட்டும் கேட்டால் அது லினக்ஸ் விவகாரமே இல்லை. ராம் கார்டைக் கழற்றித் தொடுமுனையைத் துடைத்து மாட்டினால் பாதி நேரம் சரியாகும். க்ரப் பட்டியல் வந்து, தேர்ந்தெடுத்த பிறகு 'கெர்னல் பேனிக்' என்று எழுத்துகள் கொட்டினால், அண்மையில் வந்த அப்டேட் பாதியில் நின்றிருக்கலாம். பட்டியலில் 'அட்வான்ஸ்டு' என்ற வரிக்குள் போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் அன்றைய பொழுது ஓடும். தொண்ணூறு விநாடி எதற்கோ காத்திருந்துவிட்டு 'எமர்ஜென்சி மோடு' என்று வந்தால், எஃப்எஸ்டேப் என்ற பட்டியலில் பதிவாகியிருந்த ஏதோ ஒரு டிஸ்க்கை யாரோ கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். வட்டமிட்டுக்கொண்டே திரை கறுத்துப்போனால் கிராஃபிக்ஸ் டிரைவர். க்ரப்பில் 'ஈ' விசையைத் தட்டி, கெர்னல் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்துப் பார்க்கலாம்.

கரண்ட் போய்ப் போய் வரும் ஊர்களில் இன்னொரு வகை உண்டு. எழுதிக்கொண்டிருந்த நடுவில் மின்சாரம் நின்றால், எக்ஸ்ட்4 கோப்பு முறை தன் குறிப்பேட்டைப் பார்த்து அரைகுறை வேலையைத் தானே ஒழுங்கு செய்துகொள்ளும். பெரும்பாலும் நமக்குத் தெரியாமலே முடிந்துவிடும். தேய்ந்த டிஸ்க்கில் அந்தக் குறிப்பேடே கிழிந்திருந்தால் 'பிஸிபாக்ஸ்' என்ற பெயரோடு ஒரு கறுப்புத் திரை நின்று, 'எஃப்எஸ்சிகே' கட்டளையை நீயே கொடு என்று கேட்கும். கொடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். அடுத்த வாரமே மறுபடி கேட்டால் டிஸ்க் சாகக் கிடக்கிறது. தரவை நகலெடுக்கும் வேலையை அன்றைக்கே முடிக்க வேண்டும். யுபிஎஸ் பேட்டரி எப்போது மாற்றினீர்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரலாறு சொல்லாமல் விட்டால் சிலர் கோபித்துக்கொள்வார்கள், ஆகவே சுருக்கமாக. தமிழ்நாட்டில் லினக்ஸ் புதிதல்ல. 2000களின் இரண்டாம் பாதியில் ஐஏஎஸ் அதிகாரி சி. உமாசங்கர் பொறுப்பிலிருந்தபோதே மாநில அரசு நிறுவனமான எல்காட்டின் அலுவலகக் கம்ப்யூட்டர்கள் சூசே லினக்ஸுக்கு மாறின. சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007 ஜனவரியில் வந்தது. 2011 செப்டம்பர் 15ஆம் தேதி தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் சேர்ந்தே வீட்டுக்கு வந்தது. அந்தத் திட்டத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் போயின. பாஸைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். இடத்தை அடைக்கிறது என்று விண்டோஸ் பக்கத்திலிருந்தே அந்தப் பகுதியை அழித்தவர்கள் நிறைய. அப்படி அழித்தால் மறுமுறை 'க்ரப் ரெஸ்க்யூ' என்ற ஒற்றை வரி வந்து நிற்கும். காரணம் எளிது. பழைய பயாஸ் முறையில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் நிரலுக்கு இருப்பது வெறும் 446 பைட். க்ரப் தன் தலையை மட்டும் அங்கே வைத்து உடம்பை லினக்ஸ் பகுதிக்குள் வைத்திருக்கும். உடம்பை அழித்துவிட்டார்கள்; தலை மிச்சமிருந்து தன் கோப்புகளைக் கேட்கிறது. அப்போதும் கடைகளில் சொன்ன வைத்தியம் ஃபார்மேட்தான்.

இரண்டு இயங்குதளங்கள் ஒரே இயந்திரத்தில் இருந்தால் பழி எப்போதும் லினக்ஸுக்குத்தான். 2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் மாதாந்திர அப்டேட் ஒன்று, பழைய க்ரப் துவக்கிகளைப் பாதுகாப்புக் காரணத்துக்காகத் தடைசெய்தது. இரட்டை இயங்குதளக் கம்ப்யூட்டர்களைத் தொடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள், பலவற்றைத் தொட்டது. 'ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது' என்ற பொருளில் ஒரு செய்தியைக் காட்டிவிட்டு இயந்திரம் அணைந்தது. லினக்ஸ் பக்கம் யாரும் எதையும் மாற்றியிருக்கவில்லை.

இனி நம் வாசகரின் கதைக்கு வருவோம். அவருடைய திரையில் கடைசியாகப் பேசியது டிஸ்பிளே மேனேஜர். மின்ட்டில் அதன் பெயர் லைட்டிஎம். அது வந்துவிட்டது என்றாலே பயாஸ், க்ரப், கெர்னல், சிஸ்டம்டி, கிராஃபிக்ஸ் எல்லாம் நலம். அடுத்து பாஸ்வேர்டு. லினக்ஸில் பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது பிஏஎம் என்ற தொகுதி. தவறாக அடித்தால் அது உடனே 'தவறு' என்று சொல்லாது. ஏறக்குறைய இரண்டு விநாடி வேண்டுமென்றே சும்மா இருந்துவிட்டுத்தான் சொல்லும். ஆயிரக்கணக்கில் ஊகித்து அடித்துப் பார்க்கும் நிரல்களைக் களைப்படையச் செய்ய வைத்த தாமதம் அது. ஆக, பிழையான பாஸ்வேர்டுக்கு அடையாளம் ஒரு தயக்கம், பிறகு ஒரு செய்தி. திரை கறுத்து மீள்வது அதன் அடையாளமே அல்ல. திரை கறுக்க வேண்டுமென்றால் பிஏஎம் தலையசைத்திருக்க வேண்டும். லாகின் திரை விலகியிருக்க வேண்டும். உங்கள் பெயரில் ஒரு புதிய அமர்வு தொடங்கியிருக்க வேண்டும். நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள். பிறகு வெளியே வந்துவிட்டீர்கள்.

(தயக்கமும் செய்தியும் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது விசைப்பலகையை. தோல் பட்டை ஊர்களில் ஒரே கம்ப்யூட்டரில் தமிழ், உருது, ஆங்கிலம் என மூன்று விசைப்பலகை அமைப்புகள் இருப்பது அதிசயமல்ல. லாகின் திரையில் எது முன்னால் நிற்கிறது என்று மூலையில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். நீங்கள் அடிப்பது புள்ளிகளாகத்தான் தெரியும், உள்ளே போவது உருது எழுத்தாக இருக்கலாம்.)

உள்ளே போனவர் ஏன் அரை விநாடியில் வெளியே வந்தார்? இதில்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இருக்கிறது. டிஸ்பிளே மேனேஜர் என்பது ரூட் என்ற நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓடும் நிரல். பாஸ்வேர்டு சரி என்று தெரிந்ததும் அது ஒரு பிரதியை உருவாக்கி, அந்தப் பிரதி ரூட் அதிகாரத்தைத் துறந்து உங்கள் பெயரைச் சூட்டிக்கொள்ளும். அந்தக் கணத்திலிருந்து அதற்கு உங்களுக்கு என்ன உரிமையோ அவ்வளவுதான். அடுத்து அது செய்ய வேண்டிய முதல் வேலைகளில் ஒன்று, உங்கள் வீட்டு ஃபோல்டரில் எக்ஸ்-அத்தாரிட்டி என்ற ஒரு மறைகோப்பில் ஒரு எண்ணை எழுதுவது. 128 பிட் எண். அதற்கு எம்ஐடியில் வைத்த பெயர் 'மேஜிக் குக்கி'. மின்ட் இன்றும் வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ் திரை முறை 1984இல் அங்கே பிறந்தபோது, ஒரு கம்ப்யூட்டரில் ஓடும் நிரல் கம்பி வழியாக வேறொரு கம்ப்யூட்டரின் திரையில் வரையலாம் என்பதுதான் அதன் பெருமை. எவன் வேண்டுமானாலும் வந்து என் திரையில் வரைந்துவிடக் கூடாதே என்பதற்காக இந்த ரகசிய எண். திரையை ஆளும் சர்வரிடம் ஒரு பிரதி, உங்கள் ஃபோல்டரில் ஒரு பிரதி. சன்னல் திறக்க வரும் ஒவ்வொரு நிரலும் அந்த எண்ணைக் காட்ட வேண்டும்.

அந்த எண்ணை எழுத முடியவில்லை என்றால் அமர்வு அங்கேயே முடிந்துபோகும். முடிந்ததும் டிஸ்பிளே மேனேஜர் என்ன செய்யும்? ஒருவர் காலையில் உள்ளே போய் எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு லாக் அவுட் கொடுத்தால் என்ன செய்யுமோ அதையே செய்யும். அடுத்தவருக்காக லாகின் திரையை வைக்கும். அமர்வு முடிந்தது என்பது மட்டும்தான் அதன் கணக்கு. எட்டு மணி நேரம் நடந்ததா அரை விநாடி நடந்ததா என்று அது பார்ப்பதில்லை. ஆகவே நீங்கள் பார்ப்பது பிழைத் திரை அல்ல. வழக்கமான லாக் அவுட் மரியாதை.

எழுத முடியாமல் போக இரண்டு பொதுவான காரணங்கள். ஒன்று சில்லறை விவகாரம், பிறகு சொல்கிறேன். மற்றது டிஸ்க் நிரம்பிவிட்டது என்பது. டிஸ்க் நிரம்பினால் எல்லாமே நின்றுவிட வேண்டியதுதானே, லாகின் திரை மட்டும் எப்படி ஜம்மென்று வருகிறது என்று கேட்பீர்கள். ஆம்பூரிலேயே ஒரு ஷாதி மஹாலுக்குப் போய்ப் பதிலைத் தேடலாம்.

கல்யாணம். இருபது தேக்சா பிரியாணி தம்மில் இருக்கிறது. அனுபவமுள்ள மாஸ்டர் அதில் ஒரு தேக்சாவை மூடி மாவு ஒட்டியபடியே ஓரமாகத் தள்ளி வைத்துவிடுவார். பரிமாறுகிறவர்களுக்கும் பாத்திரம் கழுவுகிறவர்களுக்கும் அது. பத்தொன்பதும் தீர்ந்ததும் பந்திக்கு வருகிறவர்களிடம் "முடிஞ்சுபோச்சு பாய்" என்பார்கள். பொய்யில்லை, உங்களுக்கு முடிந்துவிட்டது. எக்ஸ்ட்4 கோப்பு முறை உருவாகும்போதே டிஸ்க்கில் 5 சதவீதத்தை இப்படி ரூட்டுக்காகத் தனியே வைத்துவிடுகிறது. இருபதில் ஒன்று. 500 ஜிபி பகுதியில் 25 ஜிபி. சாதாரணப் பயனருக்கு 475ஆவது ஜிபியோடு கதை முடிந்தது. ரூட் அதிகாரத்தோடு ஓடும் நிரல்கள் ஒன்றும் நடக்காததுபோல எழுதிக்கொண்டே இருக்கும். எல்லோரும் பட்டினி கிடந்தால் பாத்திரம் கழுவ ஆளிருக்காது அல்லவா. டிஸ்க் நிரம்பிய பிறகு உள்ளே வந்து சுத்தம் செய்ய ரூட்டுக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். 1983இல் வெளியான பெர்க்லி யூனிக்ஸின் வேகக் கோப்பு முறையில் இந்த ஒதுக்கீடு 10 சதவீதமாகவே இருந்தது. டிஸ்க் விளிம்பு வரை நிரம்பினால் கோப்புகள் துண்டுதுண்டாகச் சிதறி வேகம் செத்துப்போகும் என்பது அவர்களுடைய முக்கியக் கவலை.

இப்போது லாகின் சுழலைப் பந்தியில் வைத்துப் பாருங்கள். வாசலில் நிற்பவர் பத்திரிகையைப் பார்க்கிறார், சரி, உள்ளே அனுப்புகிறார். உள்ளே இடமில்லை, தட்டில் போட ஒன்றுமில்லை, பின் கதவு வழியாக வெளியே அனுப்பிவிடுகிறார்கள். சுற்றிக்கொண்டு மறுபடி வாசலுக்கு வருகிறீர்கள். வாசல்காரர் சிரித்த முகத்தோடு, "வாங்க வாங்க, பத்திரிகை?" என்கிறார். அவருக்கும் மாஸ்டருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

ஒப்புமையை இத்தோடு விடுவது கௌரவம். ஆனால் வாழையிலையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பிரியாணி நிறைய இருந்தும் இலை தீர்ந்துவிட்டால்? எக்ஸ்ட்4இல் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்ற ஒரு பதிவு வேண்டும். எத்தனை ஐநோடுகள் என்பது டிஸ்க்கை அமைக்கும் அன்றே முடிவாகிவிடும். வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று. பொடிப்பொடியான கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்தால் இடம் பாக்கியிருக்கும்போதே ஐநோடு தீர்ந்துபோகும். அப்போதும் அதே பதில்தான் வரும், 'இடமில்லை'. சமையலறையில் இரண்டு தேக்சா இருக்கிறது என்று நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். இன்னும் ஒரு படி போனால், மாஸ்டரின் சொந்த ஆட்களே அந்த ஒதுக்கிய தேக்சாவையும் திறந்து தின்றுவிடும் கல்யாணங்களும் உண்டு. ரூட் உரிமையோடு ஓடும் ஏதாவது ஒரு நிரல் வெறிகொண்டு எழுதினால் 5 சதவீதமும் காலியாகும். அந்த நிலையில் லாகின் திரைகூட வராமல் போகலாம்.

வாசகரின் டிஸ்க்கை நிரப்பியது எது? ஆபீஸ் கோப்புகள் மேல் எனக்குப் பெரிய சந்தேகமில்லை. சலானும் பேக்கிங் லிஸ்ட்டும் எத்தனை வருடம் சேர்ந்தாலும் சொற்பம். பையருக்கு அனுப்பும் தோல் சாம்பிள் படங்கள் கொஞ்சம் கனம். மின்ட்டில் முதல் சந்தேகம் டைம்ஷிஃப்ட் மேல்தான். அப்டேட் கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் அருமையான வசதி. அமைக்கும்போது கவனிக்காவிட்டால் அந்தப் பழைய நிலைகளை அதே டிஸ்க்கிலேயே சேமித்துக்கொண்டிருக்கும். 120 ஜிபி எஸ்எஸ்டி போட்ட மேசைக் கம்ப்யூட்டரை நிரப்ப இது போதும். இரண்டாவது சந்தேகம் சிரிப்பை வரவழைப்பது. வீட்டு ஃபோல்டரில் எக்ஸ்-செஷன்-எரர்ஸ் என்று ஒரு மறைகோப்பு உண்டு. டெஸ்க்டாப் நிரல்களின் புலம்பல்கள் எல்லாம் அதில் பதிவாகும். ஏதாவது ஒரு நிரல் ஒரே எச்சரிக்கையை நொடிக்கு ஆயிரம் தடவை எழுதத் தொடங்கினால் அந்தக் கோப்பு பல ஜிபியாக வீங்கிவிடும். பிழையைப் பதிவு செய்யும் கோப்பே பிழை.

சரி செய்வது எப்படி. லாகின் திரையில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள். படமெல்லாம் மறைந்து ஒரு கறுப்புத் திரை உங்கள் பெயரைக் கேட்கும். பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள். அடிக்கும்போது புள்ளிகூடத் தெரியாது, பயப்பட வேண்டாம். உள்ளே விட்டுவிடும். ஏனென்றால் இந்த எழுத்து முனையத்துக்கு மேஜிக் குக்கியும் தேவையில்லை, எதையும் எழுதவும் தேவையில்லை. டேப் விசையைத் தட்டினால் தற்காலிகக் கோப்பை உருவாக்க இடமில்லை என்று ஒருவேளை அது முனகினால், அங்கேயே நோய் தெரிந்துவிட்டது. 'டிஎஃப்' என்ற கட்டளையைக் கொடுத்தால் கணக்கு வரும். மொத்தம், செலவானது, மிச்சம் என்று மூன்று எண்கள். மொத்தத்திலிருந்து செலவைக் கழித்தால் மிச்சம் வர வேண்டும் என்றுதான் நாம் படித்தோம். இங்கே வராது. 110க்கு 104 செலவு, மிச்சம் பூஜ்யம் என்று நிற்கும். காணாமல் போன 6தான் அந்த ஓரத்துத் தேக்சா.

பிறகு இடம் ஒழிக்க வேண்டியதுதான். டைம்ஷிஃப்டின் பழைய நிலைகளில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அதன் கட்டளை வழியாகவே அழிக்கலாம். புலம்பல் கோப்பு வீங்கியிருந்தால் தயங்காமல் நீக்கலாம். படங்களைப் பென் டிரைவுக்கு நகர்த்தலாம். ஒரு எச்சரிக்கை: முன்பு மவுஸால் அழித்தவை எல்லாம் குப்பைத் தொட்டியில்தான் இருக்கின்றன, அந்தத் தொட்டியும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. 'எல்லாவற்றையும் டெலீட் பண்ணிவிட்டேன், இடம் வரவில்லை' என்பவர்களில் முக்கால்வாசிப் பேர் தொட்டியைக் கவிழ்க்காதவர்கள். கொஞ்சம் இடம் வந்ததும் மின்ட்டில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்7 அமுக்கினால் பழைய லாகின் திரை வரும்.

டிஸ்க்கில் தாராளமாக இடமிருந்தும் சுழல் நிற்கவில்லையா? அப்போதுதான் அந்தச் சில்லறை விவகாரம். எக்ஸ்-அத்தாரிட்டி கோப்பின் உரிமையாளர் யார் என்று பாருங்கள். உங்கள் பெயருக்குப் பதில் ரூட் என்றிருந்தால் விஷயம் வெளிச்சம். யாரோ ஒருவர், பெரும்பாலும் உதவி செய்ய வந்த ஒருவர், சன்னல் திறக்கும் ஒரு நிரலை 'சூடோ' போட்டு நிர்வாகியாக ஓட்டியிருக்கிறார். அது போகிற போக்கில் உங்கள் கோப்பைத் தன் பெயரில் எழுதிவிட்டுப் போயிருக்கிறது. உங்கள் கோப்பில் உங்களாலேயே எழுத முடியாது. ஆனால் அழிக்க முடியும். இது முரணாகத் தோன்றும். யூனிக்ஸில் ஒரு கோப்பை அழிக்கும் உரிமை கோப்பைச் சேர்ந்ததல்ல, அது இருக்கும் ஃபோல்டரைச் சேர்ந்தது, ஃபோல்டர் உங்களுடையது. அழித்துவிடுங்கள், அடுத்த லாகினில் புதிதாக எழுதப்படும். ஃபோல்டரே ரூட் பெயருக்கு மாறியிருந்தால் 'சோன்' கட்டளையால் பட்டாவை மாற்ற வேண்டும்.

இரண்டும் இல்லையென்றால் எழுத்து முனையத்திலிருந்தே ஒரு புதிய பயனரை உருவாக்கி அந்தப் பெயரில் நுழைந்து பாருங்கள். புதியவரை விடுகிறது, உங்களை விடவில்லை என்றால் கோளாறு உங்கள் டெஸ்க்டாப் அமைப்புக் கோப்புகளில். இருவரையும் விடவில்லை என்றால் டெஸ்க்டாப் நிறுவலே அரைகுறை. அதை மட்டும் மறுபடி நிறுவினால் போதும்.

ஃபார்மேட் அடித்தாலும் சரியாகும் என்பதை மறுக்கவில்லை. டிஸ்க் காலியாகிறது, எல்லாக் கோப்புகளும் புதிய உரிமையாளரோடு பிறக்கின்றன. சுழல் நிற்காமல் என்ன செய்யும்? அதை வைத்து 'ஓஎஸ் கரப்ட் ஆகியிருந்தது' என்று கடைக்காரர் சொன்னால், அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. டைம்ஷிஃப்ட் மறுபடி அதே டிஸ்க்கில் சேமிக்கத் தொடங்கினால் சில மாதத்தில் அதே திரை. இப்போது ஏஐ அரட்டைச் செயலிகளிடம் கேட்டாலும் பதினைந்து கட்டளைகளை வரிசையாகக் கொட்டுகின்றன. அதில் பன்னிரண்டாவது சரியாக இருக்கலாம். நான்காவது உங்கள் டிரைவரைக் கழற்றியிருக்கும். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்ற கேள்வியை முதலில் கேட்கும் ஆலோசகர், மனிதரோ செயலியோ, அவரை நம்பலாம்.

எக்ஸ் முறையையே விட்டுவிட்டு வேலாண்டு என்ற மாற்றுத் திரை முறைக்குப் போய்விட்டால் இந்தத் தொல்லை இருக்காது என்று ஒரு கட்சி சொல்கிறது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10இல் க்னோம் டெஸ்க்டாப்புக்கு எக்ஸ் அமர்வையே எடுத்துவிட்டார்கள். க்னோமின் டிஸ்பிளே மேனேஜர் அதற்கு முன்பே குக்கியை டிஸ்க்கில் வைக்காமல் ராமில் இருக்கும் ஒரு ஃபோல்டருக்கு மாற்றிவிட்டது. ஆக, ரூட் பெயரில் எழுதப்பட்ட எக்ஸ்-அத்தாரிட்டி என்ற நோய் மெல்ல மறையும். டிஸ்க் நிரம்பும் நோய்க்கு இதனால் ஒன்றும் ஆகாது. க்னோமும் தன் அமைப்புகளை வீட்டு ஃபோல்டரில்தான் எழுதியாக வேண்டும்.

அந்த 5 சதவீதத்தைக் குறைக்க முடியுமா என்று யாராவது கேட்கத்தான் போகிறீர்கள். முடியும். 'ட்யூன்2எஃப்எஸ்' என்ற கருவியில் ஒரே கட்டளை, எதையும் அழிக்காமல் 1 சதவீதமாகக் குறைக்கலாம். இயங்குதளம் இருக்கும் பகுதியில் பூஜ்யமாக்க வேண்டாம். ரூட்டுக்கும் இடமில்லாத நாளில் எழுத்து முனையம்கூடக் கைவிடலாம். படங்களை மட்டும் வைக்க எக்ஸ்ட்4இல் அமைத்த 2 டிபி வெளி டிஸ்க் இருந்தால் அங்கே பூஜ்யமாக்கிவிடுங்கள். அங்கே ரூட்டுக்கு எந்த வேலையும் கிடையாது, 100 ஜிபி சும்மா மூடிக் கிடக்கிறது. டைம்ஷிஃப்டுக்கும் சேமிக்குமிடமாக அந்த டிஸ்க்கையே காட்டிவிடலாம். கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போகும் டிஸ்க் என்றால் மட்டும் எஃப்எஸ்டேப் வரியில் 'நோஃபெயில்' என்ற சொல்லைச் சேர்க்க மறக்காதீர்கள்.